மடக்கிய முட்டி

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் இருபது வருசமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். ஆளைப் பலகையில் உட்கார வைத்து, பின்னால் நான் மண்டி போட்டால்தான் முதுகில் கை அழுந்தும். போன சீசன் முடிவில் பாசியில் வழுக்கி வலது முட்டியில் ஜவ்வு அறுந்தது. இந்த ஏப்ரலில் தென்காசியில் ஆபரேசன்.

"உங்க முட்டிச் சில்லுலருந்தே துண்டு எலும்போட நாரை வெட்டி எடுத்துத்தான் புது ஜவ்வு வச்சிருக்கு. எடுத்த எடம் பள்ளமா இருக்கும். அது தூர்ற வரைக்கும் பலமா மடக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

இலஞ்சியில் வாடகை அறையில் தனியாகக் கிடந்தேன். மனைவி செத்து ஆறு வருசமாகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு வருவது குற்றாலீஸ்வரன் ஒருத்தன்தான். அருவிக்கரையில் பக்கத்துப் பலகைக்காரன். டீயும் வடையும் கொண்டுவருவான்.

ஜூனில் சாரல் விழுந்தது. முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. மண்டி போட முடியாவிட்டால் இந்த சீசனே போய்விடும். என் பலகையை வேறு தொழில்காரன் பிடித்துவிடுவான்.

"ஏலே சுடலைராஜ், ஊரு உடம்பையெல்லாம் நிமித்துதோம். ஒன் முட்டிய மடக்க ஆசுபத்திரி மெசினா வேணும்?" என்றான் குற்றாலீஸ்வரன்.

"டாக்டரு வேண்டாம்னாரு."

"அவரு எத்தன முட்டி தொட்டிருப்பாரு? மடங்கலன்னு நீதான மூக்கச் சிந்துத. குப்புறப் படு."

படுத்தேன். எண்ணெயைச் சூடாக்கி முக்கால் மணி நேரம் நீவினான். ஒரு மனுசக் கை மேலே பட்டு நாளாகிவிட்டது, கண் சொருகியது. அப்போது குதிகாலைப் பிடித்துப் பின்னால் அமுக்கினான்.

காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். இரண்டு பேருக்கும் கேட்டது.

எக்ஸ்ரேயில் சில்லு குறுக்கே இரண்டாக நின்றது. "என்ன செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். குற்றாலீஸ்வரன் கதவோரம் நின்றான்.

"பாத்ரூம்ல விழுந்துட்டேன்."

கம்பி போட்டு இறுக்கினார்கள். சீசன் போயிற்று. அன்றோடு அவன் வரவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை.

டீக்கடை கிதிர் முகம்மது ஒருநாள் பார்க்க வந்தார். "ஒன் பலகைய அவந்தான் தெனம் கழுவி வைக்கான். ஒருத்தனையும் ஒக்கார விட மாட்டேங்கான்" என்றார்.

"பலகை கெடக்கட்டும் அண்ணாச்சி. அவன இங்கன வரச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

மறுநாள் நாலு மணிக்குச் சுவரைப் பிடித்து நடந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தேன். சாரல் உள்ளே அடித்துத் தரை நனைந்தது. இன்றைக்கும் திறந்துதான் வைத்திருக்கிறேன்.