முதலாவதா, இரண்டாவதா

காபிக் கோப்பையை என் மனைவி உதட்டில் வைத்த கணத்திலிருந்து நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு பத்து. ஏழரைக்கு அவளுக்குப் பஸ். ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது, இன்னொன்று கதவோரம் குப்புறக் கிடந்தது. ஒரு மிடறு விழுங்கினாள். கண்களை மூடினாள். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"ஆரஞ்சுத் தோலு," என்றாள். "அப்புறம் தேன். கடைசில கொஞ்சம் கறுப்பு டீ மாதிரி."

"பத்துக்கு?"

"எட்டு. போதுமா? விடு, பஸ் போயிடும்."

எழுதிக்கொண்டேன். அது நாற்பத்து மூன்றாவது நாள். நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். எந்தக் கொட்டை, எத்தனை கிராம், அரைத்த பதம், தண்ணீரின் சூடு, ஊற்றி முடிக்க எத்தனை நிமிடம். கடைசியாக ஒரு கட்டம், அது அவளுடையது. எனக்கு இளவறுவல் பிடிக்கும். பதினைந்து கிராமைக் கைமில்லில் அரைத்து, காகித வடிகட்டியில் போட்டு, முதலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அது உப்பி வரும்வரை முக்கால் நிமிடம் காத்திருந்து, பிறகு மெல்லிய தாரையாகச் சுற்றிச் சுற்றி ஊற்றுவேன். தராசில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஊற்ற வேண்டும். முழுதாகப் பதினொரு நிமிடம் ஆகும். முன்பெல்லாம் அவளே போட்டுக்கொண்ட காபிக்கு நான்கு நிமிடம்தான்: கருக வறுத்த கடைத்தூளைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு இறக்குவாள். அந்த டப்பாவை நான் மேல்பரணில் ஏற்றிவிட்டேன். அவள் அதைத் திரும்ப இறக்கவில்லை.

இந்த நாற்பத்து மூன்று நாளுக்கு முன் ஐந்து வருடம் எனக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. குளிர் காட்டும் பதினொரு மீட்டர்கள். அரைமணிக்கு ஒரு முறை பதினொன்றையும் பார்த்து எண்ணைக் குறிக்க வேண்டும். எண் மாறாது. மாறாத எண்ணைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம். மூலையில் இருந்த மெஷினில் பொத்தானை அழுத்தினால் காபி என்று ஒன்று விழும். விழித்திருக்க அதைக் குடித்தேன், காபி என்று குடிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் இருபது நிமிடம். எங்கள் கல்யாணம் அந்த இருபது நிமிடத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கிளம்ப வேண்டிய நேரத்தில் நான் கிளம்பவில்லை. சண்டை இல்லை, காரணம் இல்லை. உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, அவ்வளவுதான். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

இந்த மாதம் முடியும்வரை என் இடத்தை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மூன்று நாளைக்கு ஒரு முறை போன் செய்து, "தம்பி, மனசு மாறிச்சா?" என்பார். மாறவில்லை என்பேன். ஆனால் வேறு வேலையும் இல்லை. இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. நான் கொட்டை வாங்கும் வறுவல் கடையில், பகல் வேலைக்குக் காபி தெரிந்த ஆள் வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கடையை நடத்துகிற அம்மாவை எல்லோரும் அக்கா என்பார்கள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் மீட்டர்கள், வாசல், இருபது நிமிடம்.

நோட்டுதான் என் தைரியம். அதிலும் அவளுடைய கட்டம்தான். என் நாக்கின் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை கிடையாது. அவளுடையது அபாரமானது. குடித்த மறுகணம் சொல்லிவிடுவாள். பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருப்பது சொல்லுக்குச் சொல் பொருந்தும். அக்காவிடம் இதை நான் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன்.

அன்று அவள் போன பிறகு மில்லைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். முந்தின நாள் வாங்கிய புதுக் கொட்டையைத்தான் அரைத்திருக்கிறேன். அதன் பாக்கெட் இழுப்பறைக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கோகோ, வறுத்த வேர்க்கடலை, வெல்லம். ஆரஞ்சும் இல்லை, தேனும் இல்லை. மிச்சமிருந்த என் காபியை மறுபடி குடித்துப் பார்த்தேன். ஆறியிருந்தது. நிதானமாக நாக்கில் உருட்டினேன். சந்தேகமே இல்லை, ஆரஞ்சுத் தோல்தான்.

உடனே போன் செய்தேன்.

"அக்கா, பாக்கெட்ட மாத்திக் குடுத்துட்டீங்க."

பின்னால் வறுக்கும் உருளை சுற்றுகிற சத்தம். "யாரு சொன்னா?"

"என் வீட்டுக்காரி. அவ நாக்கு தப்பு பண்ணாது. ஆரஞ்சுத் தோலு, தேனுங்கறா. நானும் குடிச்சேன், ஆரஞ்சேதான்."

"தம்பி, போன வாரம் வாங்கிட்டுப் போனியே, அந்தக் காலி பாக்கெட் எங்க இருக்கு?"

"இங்கதான், மேசை மேல."

"அச்சு மேல பாத்து இருக்கா, கீழ பாத்து இருக்கா?"

பார்த்தேன். ஆரஞ்சுத் தோல், தேன், கறுப்பு டீ. அதே மூன்று, அதே வரிசையில்.

"மேல பாத்துதான் அக்கா," என்றேன். உருளைச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார். "உன் வீட்டம்மாவுக்குக் கண்ணு ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லு. வியாழக்கிழமை வா. வரும்போது தனியா வா."

பகல் முழுக்க நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய. நாற்பத்தொரு நாள் பாக்கெட்டில் இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறாள். முதல் இரண்டு நாள் மட்டும் அவள் கட்டம் காலியாக இருந்தது. மதிப்பெண்களைப் பார்த்தேன். பெரும்பாலும் ஏழு, எட்டு. அங்கங்கே ஒரு ஒன்பது. ஒன்பது ஏன் ஒன்பது என்று கொட்டையையும் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு போனில் அழைப்புப் பட்டியலை எடுத்துத் தேதிகளை வைத்துப் பார்த்தேன். சூப்பர்வைசர் கூப்பிட்ட மறுநாள்களெல்லாம் ஒன்பது. மாத்திரை கொடுப்பதுபோல் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் அவள் வந்தபோது மேசையில் பாக்கெட்டை மட்டும் வைத்திருந்தேன். பையைத் தோளிலிருந்து இறக்கினாள். பாக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாட்டிக்கிட்டேனா?"

"நாப்பத்து மூணு நாளும் படிச்சுதான் சொன்னியா?"

"மொத ரெண்டு நாள் படிக்கல. காபி மாதிரி இருக்குன்னேன். அதுக்கு உன் மூஞ்சி போன போக்க நீ பாத்திருக்கணும். யாரோ செத்துப்போன மாதிரி. மூணாவது நாள் பாக்கெட் கண்ணுல பட்டுச்சு."

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"ஏமாத்தா?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் கடைக்குரல் வந்துவிடும். "தெனம் முப்பது பேர உட்கார வச்சு நான் என்ன கேக்கறேன்? முதலாவது தெளிவா, ரெண்டாவது தெளிவா. பாதிப் பேரு சுவத்துல இருக்கிற எழுத்தப் பாக்கறதே இல்ல. என் மூஞ்சியப் பாக்கறான். எதுக்கு நான் தலையாட்டுவேன்னு பாக்கறான். பரீட்சையில பாஸாகணுமாம். அப்பாடான்னு வீட்டுக்கு வந்து தூங்கி எந்திரிச்சா இங்க ஒருத்தர் நோட்டும் பேனாவுமா நிக்கிறாரு. செருப்பு மாட்டக்கூட விடறதில்ல."

"அப்ப காபி நல்லா இல்லையா?"

"பாத்தியா. திரும்பக் கேக்கற."

வேறு விதமாகக் கேட்டேன். "அந்த மாதிரி ஆளுங்கள எப்படிக் கண்டுபிடிப்ப?"

அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. அதை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. பார்க்க நேரம் இருந்ததில்லை. "ஒரு காபி போடு, சொல்றேன்," என்றாள்.

போட்டேன். பதினொரு நிமிடமும் பொறுமையாக இருந்தாள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இரண்டு கோப்பைகளோடு வந்தாள்.

"முதலாவதா, ரெண்டாவதா?"

குடித்தேன். தண்ணீர் குடித்து வாயைக் கழுவிவிட்டு மறுபடி குடித்தேன். முதலாவதில் புளிப்பு முந்திக்கொண்டு வருகிறது, இரண்டாவதில் அது அடங்கி ஒரு வழுவழுப்பு இருக்கிறது, பாத்திரத்தின் அடியில் இருந்ததை இரண்டாவதில் ஊற்றியிருப்பாய், அடியில் எப்போதும் கனம் கூடும் என்றேன். கடையில் செய்வதுபோல் அவள் மெல்லத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெம்பாக இருந்தது. இரண்டாவதுதான் உசத்தி என்று முடித்தேன்.

"பெரிய டம்ளர்ல மொத்தத்தையும் ஊத்திக் கலக்கிட்டுதான் பிரிச்சேன் மகராசா. ரெண்டும் ஒண்ணுதான்." அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "ஒரே லென்ஸத்தான் ரெண்டு தடவ காட்டுவோம். ரெண்டாவதுதான் பளிச்சுன்னு இருக்குன்னு சத்தியம் பண்ணுவாங்க. ஆனா அடியில கனம் கூடும்னெல்லாம் எவனும் சொன்னதில்ல."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது நாள்காட்டி கண்ணில் பட்டது. வியாழக்கிழமைக்கு இரண்டு நாள்.

"அக்கா முன்னாடி போய் நான் என்ன செய்ய?"

"எனக்கென்ன தெரியும்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் கண்ணாடிக்காரி."

வறுவல் கடையின் பின்னறையில் ஒரு நீள மேசை, சுவரை ஒட்டி மூட்டைகள். நோட்டை எடுத்துப்போயிருந்தேன், பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. அக்கா மூன்று கிண்ணங்களை என் முன் தள்ளினார். "ரெண்டு ஒரே காபி. ஒண்ணு வேற. எது வேறன்னு சொல்லு." சொல்லிவிட்டு எதிரே கைகட்டி நின்றார். கரண்டியால் எடுத்து உறிஞ்சினேன். முதல் கிண்ணம், இரண்டாவது. மூன்றாவதற்குப் போகும்போதுதான் உணர்ந்தேன், என் கண் காபியில் இல்லை. அவர் புருவத்தில் இருந்தது. எழுந்து நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, கிண்ணங்களை ஒரு மூட்டையின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்ன தம்பி, கோச்சுக்கிட்டியா?"

"உங்க மூஞ்சி தெரிஞ்சா எனக்குக் காபி தெரியல அக்கா."

காறை பெயர்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். "மூணாவது வேற," என்றேன்.

"ரெண்டாவது."

அடுத்த மூன்று வைத்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். "தெரியல," என்றேன். முகத்தைப் பார்க்காமல் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை. மூன்றாம் சுற்றில் முதலாவது வேறு என்றேன். சரியாக இருந்தது.

"கண்ண மூடிட்டுக் கை வச்சாலே மூணுல ஒண்ணு அமையும்," என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "எங்க கிளம்பிட்ட? காபி போடறவங்க நிறைய வர்றாங்க. இதுக்குத்தான் ஆள் நிக்கறதில்ல," என்று ஒரு பெரிய தட்டை மேசையில் கொட்டினார். வறுக்காத பச்சைக் கொட்டை. சொத்தை, கறுப்பு, பூச்சி துளைத்தது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு மூட்டையில் ஒரு சொத்தை தப்பினாலும் ஒருவருடைய கோப்பை நாறும் என்றார்.

பொறுக்கினேன். ஒரே நிறம், ஒரே வடிவம், ஆயிரக்கணக்கில். மற்றவர்களுக்கு அரைமணியில் கண் பூத்துவிடுமாம். எனக்குப் பூக்கவில்லை. மாறாத ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்து, அது மாறும்போது மட்டும் விழித்துக்கொள்வதை ஐந்து வருடம் செய்திருக்கிறேன். இங்கே சன்னல் வழியாக வெயில் தட்டின் மேல் விழுந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம். மூன்று தட்டு முடித்தபோது மதியம் தாண்டியிருந்தது. அக்கா கையை விட்டு அளைந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரே ஒரு துளைக்கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்குக் காலைல ஒன்பதுக்கு வா. ஒரு மாசம் பாப்போம். நாக்கு வந்தா வரும், வராட்டி பொறுக்கிக்கிட்டு இரு."

வீட்டுக்கு நடக்கும்போது சூப்பர்வைசரை நானே கூப்பிட்டேன். வரப்போவதில்லை என்றேன். அங்கே என்ன வேலை என்று கேட்டார்.

"கொட்டை பொறுக்கறேன் சார்."

"மாசம் பூராவா?"

"ஆமா சார்."

"அதுக்கு இங்கயே இருந்திருக்கலாமேப்பா," என்றார் நிஜமான வருத்தத்தோடு.

மறுநாள் காலை காபி போட்டேன். அதே கொட்டை, அதே பதினைந்து கிராம். அவள் கோப்பையில் ஊற்றி, மிச்சத்தோடு பாத்திரத்தையும் மேசையில் வைத்துவிட்டு, தொட்டிப்பக்கம் திரும்பி வடிகட்டியைக் கழுவ ஆரம்பித்தேன். கழுவ அதில் ஒன்றுமில்லை. இரண்டு முறை கழுவினேன். பின்னால் செருப்பு வார் இழுபடும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. திருப்பவில்லை.

ஒரு டப்பா திறந்தது. எந்த டப்பா என்று சத்தத்திலேயே தெரிந்தது. இளவறுவலில், கழுவிக் காயவைத்த மலைக்கொட்டையில், தொண்ணூற்றிரண்டு டிகிரியில் எடுத்த காபியில் சர்க்கரை விழுந்தது. ஒரு கரண்டி. பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு கரண்டி. கரண்டி கோப்பையின் ஓரத்தில் இடித்து இடித்துச் சுற்றியது. தொட்டிக்கு மேலிருந்த சன்னல் கண்ணாடியில் வெந்நீரின் ஆவி படிந்திருந்தது. அதில் அவள் உருவம் ஒரு மங்கலான நிறமாக அசைந்தது, நின்றது, தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்தது.