இரண்டு விரல் இடம்

"ஏன் எல்லாப் பூவும் ஓரத்தைக் கண்டா பயந்து ஒதுங்கி நிக்குது?"

மேடம் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயமா? எனக்கா? வகுப்பின் நீள மேசையில் என் மாதிரித் துணியை விரித்து வைத்திருந்தேன். வெளிர் பருத்தித் துணியில் மஞ்சள் பூசணிப் பூக்கள், சுருண்டு போகும் கொடி, இலைகள்; ஒரே படம் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும்படி அச்சடித்தது. மூன்று வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரைந்தது. கூடப் படிக்கும் பிள்ளைகள் "சூப்பர்க்கா, செமக்கா" என்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர் மேடம். அவர் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"கிட்டப் பாத்தா ஒவ்வொரு பூவும் அருமை. தூரத்துல பூவே தெரியல, படத்துக்கும் படத்துக்கும் நடுவுல வெறுமையா ஓடுற தெருதான் தெரியுது. ஆனா கவலைப்படாதீங்க, இப்படியே அச்சடிச்சுக் குடுத்தாலும் பாஸ் போட்டுடுவேன்."

தெரு என்று சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாஸ் போட்டுடுவேன் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. பாவம், வயசான பொம்பளை, வீடு வாசலைப் பார்த்துக்கொண்டு படிக்கிறாள், போனால் போகிறது என்று போடுகிற பாஸ் அது. திரைச்சீலைக் கடையின் பின்னறையில் பதினாறு வருஷம் மெஷின் மிதித்தவள் நான். யாரோ வரைந்த துணியை அளந்து, வெட்டி, தைத்துக் கொடுத்தே வயது முப்பத்தொன்பதாகிவிட்டது. ஒரு துணியாவது நானே வரைந்தது என்று இருக்க வேண்டும் என்றுதான் வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்பில் சேர்ந்தேன். வியாழக்கிழமை பன்னிரண்டு அடித் துணியாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

எங்கள் வீட்டில் எந்த அறையிலும் நாலடிக்கு மேல் பின்னால் போக முடியாது. கட்டிலோ பீரோவோ இடிக்கும். அதனால் சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரை மாடிப்படித் திருப்பத்தில் துணியோடு நிறுத்திவிட்டு நான் தெருவுக்கு இறங்கினேன். லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், உயரம் அவருக்குப் புதிதில்லை. ஆனாலும் இரண்டு நிமிஷத்தில் முனக ஆரம்பித்துவிட்டார்.

"போதுமா? கை விட்டுப் போகுது."

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

"இதுக்கு மேல தூக்குனா துணியோட சேந்து நானும் கீழ வந்துடுவேன்."

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு அம்மா வாளியோடு வெளியே வந்தார். நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். "அட, கோடு போட்ட துணி நல்லாருக்கே! எங்க வாங்குன?" என்றார்.

எனக்கு முகம் செத்துப்போயிற்று. அவர் சொன்னது சரி. பூவைக் காணோம், கொடியைக் காணோம். மேலிருந்து கீழ்வரை வெறும் வெள்ளைக் கோடுகள், ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். நானே வரைந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை, கடையில் வாங்கியது என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

துணியைக் கட்டிலில் போட்டு அந்தக் கோட்டை அளந்தேன். டேப்புகூட வேண்டியிருக்கவில்லை, என் இரண்டு விரல் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதுதான் உறைத்தது. திரைச்சீலைக்கு அகலம் பத்தாமல் இரண்டு துணியைச் சேர்த்துத் தைக்கும்போது, தையல் ஒரு பூவின் மேல் ஏறிவிட்டால் தொலைந்தோம். இந்தப் பக்கம் பாதிப் பூ, அந்தப் பக்கம் பாதிப் பூ, ஒரு நூல் தப்பினாலும் வாய் கோணின மாதிரி ஆகிவிடும். அதற்காக முதலாளியிடம் நான் வாங்கின வசவு கொஞ்சநஞ்சமில்லை. ஓரத்தில் இரண்டு விரல் சும்மா விட்ட துணி வந்தால் பின்னறையில் எங்களுக்குக் கொண்டாட்டம். வரைய உட்கார்ந்த பிறகும் என் கை, என்னைக் கேட்காமலே, தையலுக்கு இடம் விட்டிருக்கிறது.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது.

"இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? அதான் பாஸ்னு சொல்லிட்டாங்கல்ல," என்றார் வீட்டுக்காரர். "பேசாம அடிச்சுக் குடு. அடுத்த துணில சரி பண்ணிக்கலாம்."

"பாஸ் வாங்கறதுக்காகவா வேலைய விட்டேன்?"

அவர் சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். என் டம்ளரில் சர்க்கரை போட மறந்திருந்தார், அப்படியே குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூல ஓவியத்தைத் தரையில் விரித்தேன். வழி எனக்குத் தெரியாமல் இல்லை, முதல் மாதமே வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். தாளை நடுவில் நெடுக வெட்டி, இரண்டு பாதியையும் இடம் மாற்றி வைத்தால், ஓரத்தில் இருந்த வெற்றிடம் நடுவுக்கு வந்துவிடும். அதை நிரப்ப வேண்டும். நடுவில் வெட்டுப்பட்டது புதிய ஓரமாகிவிடும், அடுத்தடுத்து அச்சடிக்கும்போது பாதியும் பாதியும் சேர்ந்துகொள்ளும். இந்தப் படத்தை வரைந்தபோது அந்த வேலையை நான் செய்யாமல் நழுவியிருந்தேன். ஏனென்றால் நடுவில் இருந்தது என் பெரிய பூ, இருப்பதிலேயே நன்றாக வந்த பூ. பூவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பழகிய கத்தரிக்கோல் அதன் விளிம்பில் வந்து நின்றுவிட்டது. சீ, நீயெல்லாம் ஒரு கத்தரிக்கோலா என்று வாய்விட்டுத் திட்டினேன். உள்ளே பீரோ பக்கமிருந்து "யாரை?" என்று குரல் வந்தது. "உங்கள இல்ல!" என்று கத்திவிட்டு, ஒரே மூச்சில் பூவை இரண்டாக வெட்டினேன். பொழுது சாய்வதற்குள் அந்த வெற்றிடத்தில் மூன்று மொட்டும் ஒரு முரட்டு இலையும் வந்து உட்கார்ந்திருந்தன. மெஷின் மிதிக்கும் எவளுக்காவது இந்தத் துணி போய்ச் சேர்ந்தால் என்னை வாயாரத் திட்டுவாள். திட்டட்டும்.

திங்கட்கிழமை காலையில் கல்லூரியின் அச்சுப் பட்டறைக்குப் போனேன். ஆளுக்கு ஒரு பெரிய ஸ்கிரீன்தான் அங்கே கணக்கு: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. அச்சு விழ வேண்டிய பூவும் இலையும் மட்டும் வலையில் திறந்திருக்கும், மற்ற இடமெல்லாம் பச்சை மருந்தால் அடைத்திருக்கும். அதைக் கழுவினால்தான் புதியதை ஏற்ற முடியும். பட்டறையைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் என் புதுத் தாளையும் பழைய ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, யோசிச்சுதான் செய்றியா? இன்னைக்குக் கழுவுனா காயணும். நாளைக்கு மருந்து பூசி ஏத்தணும். புதன்கிழமை ஒரு நாள்தான் அச்சடிக்க. நடுவுல ஒண்ணு சொதப்புனா குடுக்கறதுக்குக் கையில ஒண்ணும் இருக்காது. பழசும் திரும்ப வராது."

"தெரியும்ணே."

"மேடம் கழுவச் சொன்னாங்களா?"

"இல்லண்ணே. பாஸ் போடறேன்னு சொன்னாங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மருந்தைக் கரைக்கும் திரவத்தைத் தடவிக் கொடுத்தார். ஸ்கிரீனைத் தொட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, பின்னால் போய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் பீய்ச்சும் குழாயைத் திறந்தேன். இலைகளுக்கு நடுவில் இருந்த பச்சை முதலில் கரைந்து ஒழுகியது. பூ எது, கொடி எது என்று தெரியாமல் வலை வெளுத்துக்கொண்டே வந்தது. இரண்டு ஓரத்திலும் நான் பூப் போடாமல் விட்ட இடம் மட்டும் பட்டையாக, கெட்டியாக நின்றது.

"அது லேசுல விடாது. ஊறட்டும், அப்புறம் பாக்கலாம்."

நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குழாயை இன்னும் கிட்டே கொண்டுபோய் ஓரத்தின் மேலேயே பிடித்தேன். முதலில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. அது பிளந்துகொண்டே கீழே இறங்க, அதன் வழியே அண்ணனின் நீலச் சட்டை தெரிந்தது, தண்ணீர் சீறிக்கொண்டு போய் அதை நனைத்தது.

"ஏம்மா, ஏம்மா! என் மேல அடிக்குது பாரு!"

"பிடிச்சுக்கங்கண்ணே," என்றேன், குழாயை நகர்த்தாமல்.