ஹார்லன் பீக்மன் போட்ட சத்தங்கள்

ஒரு மனிதன் போட்ட சத்தம் பல வருஷம் கழித்து வந்து சேர்வதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆர்டன் கல்லூரியில், வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடுகிற லக்ராஸில், ஆண்கள் அணிக்குக் கோச்சாக இருந்த ஹார்லன் பீக்மனின் சத்தம் அப்படித்தான் வந்தது. சாதாரணமாகப் பேசினால் ஒன்றுமில்லை. கடையில் காபி கேட்டால் காபி வரும். குரலை உயர்த்தினால்தான் தாமதம்.

ஆரம்பித்தது அவர் வேலைக்கு வந்து சில வருஷங்களுக்குப் பிறகு, ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரியோடு நடந்த ஆட்டத்தில். லக்ராஸில் தடுக்கிற ஒருவன் ஏமாந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவன் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிப்போய் மறிக்க வேண்டும். யாராவது "போ" என்று கத்தாமல் எவனும் தன் ஆளை விட்டு நகரமாட்டான். அன்றைக்கு பீக்மன் கத்தினார். வாய் திறந்ததையும் கழுத்து நரம்பு புடைத்ததையும் பார்த்தோம். சத்தம் வரவில்லை. பந்து வலைக்குள் விழுந்து, எதிரணிப் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கும்மாளம் போட்டு எழுந்த பிறகு, "போ!" என்று கேட்டது. காற்று என்றார்கள். அடுத்த வாரம் சத்தம் அரை ஆட்டம் பிந்தியது. அதற்குப்பின் காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. பிந்துவது வாரமாகி, சீசனாகி, வருஷங்களாகி அதற்கு மேல் வளராமல் நின்றது; மாதம் ஒன்றிரண்டு மட்டும் முன்பின் ஆகும். சிரக்யூஸில் ஒரு டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு இருமல் மிட்டாய் கொடுத்தார்.

துணைக் கோச் டெலோஸ் ஜெமிசன் செனக்கா என்கிற அமெரிக்கப் பழங்குடி ஆள். அவன் முப்பாட்டன்மார் காலத்துக்கும் முன்னாலிருந்து அவர்கள் இந்த ஆட்டத்தை ஆடிவருகிறார்கள். "எங்காளுங்க ஆட்டம்யா இது. நீங்க இதுல சேத்தது கத்துறது ஒண்ணுதான். இப்ப அதுவும் ஒழுங்கா வர மாட்டேங்குது" என்றான். பீக்மன் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அவர் முகத்தில் சுலபமாகத் தெரியாது.

பிப்ரவரியில் பையன்கள் பனியைத் தள்ளி மைதானத்தைத் திறக்கும்போதே பழைய சத்தங்கள் விழ ஆரம்பித்துவிடும். கேட்டாலும் கேட்காதமாதிரி இருக்கப் பழகுவதுதான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் பயிற்சி. வெளியூர் அணிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. "போ!" என்று கேட்டதும் அவர்களில் ஒருவன் தன் ஆளை விட்டு ஓடுவான். அவன் விட்டுப்போன எங்கள் பையன் சும்மா நின்று பந்தை வாங்கி வலைக்குள் போடுவான். இப்படியே ஆர்டன் ஜெயித்துக்கொண்டு போனது. தோற்ற கோச் ஒருவர் நடுவரிடம் மல்லுக்கு நின்றார். நடுவர், "கோச் சத்தம் போடக்கூடாதுன்னு விதி இல்ல. எந்த வருஷம் போட்டதுன்னு கேக்கவும் விதி இல்ல. போய் உட்காருங்க" என்றார்.

ஜெயித்த காலத்தில்தான் பீக்மனின் மனைவி நோரீன் அவரை விட்டுப் போனாள். கல்லூரி கொடுத்த வீட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆட்டப் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். கோடையில் அணிக்குப் பையன்களைத் தேடி ஊர் ஊராகப் போவார். ஏப்ரலில் ஒரு நாள் நோரீன் இரண்டு பெட்டிகளைக் காரில் வைத்தாள். பீக்மன் வாசலில் நின்றார். அவள் காரைப் பின்னால் எடுத்துத் தெருவுக்கு இறங்கி ராச்செஸ்டருக்குப் போய்விட்டாள்.

அன்று அவர் கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு போனில், கத்தினேன் என்று மெதுவாகச் சொன்னார். "பசங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துவ, ஹார்லன். எனக்காக ஒரு சத்தம் போட்டியா? மரம் மாதிரி நின்ன, நான் கார் கண்ணாடியில பாத்தேன்" என்றாள் அவள். "வாய் திறந்திருந்துச்சே" என்றார். "கொட்டாவின்னு நினைச்சேன்." அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பீக்மன் கத்தவே இல்லை. கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நிற்பார். கேட்டதெல்லாம் முன்பு போட்டது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: வாசலில் போட்ட அந்தச் சத்தம் வரும்போது நோரீன் அங்கே நிற்க வேண்டும். சத்தம் போட்ட இடத்தில்தான் வந்து விழும்; அதற்கு வீடு கையில் இருக்க வேண்டும். வீடு இருக்க வேலை இருக்க வேண்டும். வேலை இருக்க ஜெயிக்க வேண்டும். இதை டெலோஸிடம் மட்டும் சொன்னார். "காதல் பண்றதுக்கு ஒரு கோப்பை ஜெயிக்கணுமாய்யா? எங்க சித்தப்பன் ஒரு மூட்டை மக்காச்சோளத்துல முடிச்சாரு" என்றான் டெலோஸ். ஆனால் அந்த சீசன் முழுக்க ராத்திரி பகலாக உழைத்தான்.

சத்தங்கள் போட்ட வரிசையில்தான் வரும். அதனால் வருஷங்கள் கழித்து ஒரு ஏப்ரலில், பாதி சீசனில், மைதானம் அமைதியாகிவிட்டது. சரக்கு தீர்ந்தது. இனி பாக்கி ஒன்றே ஒன்று. வெளியூர் அணிகள் ஏமாறவில்லை. ஆர்டன் வரிசையாகத் தோற்றது. விளையாட்டுத் துறைத் தலைவி பாலா ஸ்டான்விக்ஸ் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வேலை முடிந்தது என்றாள்.

"வீட்ல இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமா?" என்றார் பீக்மன். "ஒரு சத்தம் வரணும்."

"புதுக் கோச்சுக்கு மூணு குழந்தைங்க, ஹார்லன். ஜூன் வரைக்கும் தர்றேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அவர் நோரீனுக்கு போன் செய்தார். இனிமேல்தான் வரும், கடைசியாக ஒரு தடவை வந்துபோ என்றார். வர மாட்டாள் என்றுதான் ஊரில் நினைத்தோம். வந்தாள். அன்று வீடு காலி செய்கிற நாள்; சாமான்கள் ஏற்கெனவே லாரியில் போயிருந்தன. இரண்டு மடக்கு நாற்காலிகளை வாசலில் போட்டு உட்கார்ந்தார்கள். டெலோஸ் ஒரு பாத்திரம் நிறைய உப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் அப்படியே நாடகம் பாக்க வந்தமாதிரி உக்காந்திருக்கீங்க" என்று சொல்லிப் போனான். சாப்பிட்டார்கள். அவளுக்கு முழங்காலில் வலி. அதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிற ஆள் மிஷினை நிறுத்திவிட்டு இவர்களுக்காகக் காத்திருந்தான். வெயில் இறங்கியது. சத்தம் வரவில்லை.

நோரீன் எழுந்து கார் சாவியை எடுத்தாள்.

"என்ன கத்தின?"

"நோரீன், போகாதன்னு."

அவள் காரின் கதவைத் திறந்தாள். "சரி. நீ கத்தினன்னே வச்சுக்கறேன்."

"நிஜமா?"

"வச்சுக்கறேன்னுதான் சொன்னேன், ஹார்லன்."

அவள் காரைப் பின்னால் எடுத்தாள். அவர் வாசலில் நின்றார், இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு. கார் போன பிறகு நாற்காலிகளை மடக்கி டெலோஸின் வண்டியில் போட்டார். வீட்டுச் சாவியைத் தபால் பெட்டிக்குள் வைத்தார். இருட்டுவதற்குள் புதுக் கோச் குடும்பம் வந்து இறங்கியது.

மறுநாள் காலை புதுக் கோச்சின் மனைவி வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு ஆண் குரல், "நோரீன், போகாத!" என்று கத்தியது. அவள் வேனை நிறுத்தினாள். வாசலில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பால் வாங்கப் போனாள்.