வஹ்பாவின் பெயர் ஒட்டிய ரத்தம்

எகிப்தின் மன்சூராவில் ஒரு டயாலிசிஸ் மையம். அங்கே ஒரே மாதத்தில் ஐந்து பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் சி வந்துவிட்டது. எல்லார் கண்ணும் வஹ்பாவின் மேல் விழுந்தது. பல வருஷங்களாக அந்த நோய் உள்ளவர் அவர் ஒருவர்தான். அவர் டீ குடித்த கிளாஸைக்கூட யாரும் தொடவில்லை.

வைரஸை வகை பிரிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஆறு பேரின் ரத்தமும் என்னிடம் வந்த அன்றே மையத்தின் தலைவர் ஷவ்கத் போன் செய்தார்.

"என்ன இனாஸ், எல்லாம் நாலாவது வகைதானே? வஹ்பாகிட்டேருந்துதான் பரவுச்சுன்னு எழுதி அனுப்பிடும்மா."

"டாக்டர், எகிப்துல இந்த நோய் உள்ளவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல நாலாவது வகைதான். உட்பிரிவு பாக்காம எப்படி எழுதுறது?"

"நீ ரொம்பத்தான் துருவுறே."

துருவினேன். அந்த ஐந்து பேருக்கும் நான்கு-ஏ. மரபணு வரிசை கிட்டத்தட்ட ஒன்றேதான். வஹ்பாவுடையது நான்கு-ஓ. அவரிடமிருந்து இவர்களுக்கு வந்திருக்க வழியே இல்லை. ஷவ்கத்திடம் சொன்னேன்.

"குழாய் மாறியிருக்கும், வேற அனுப்புறேன்" என்றார் ஷவ்கத். மறுநாள் வஹ்பாவின் பெயரோடு வந்த ரத்தம் நான்கு-ஏ என்று காட்டியது. ஒரு சில நாளில் வைரஸ் ஜாதி மாறாது. நேராக மையத்துக்கு, வஹ்பாவிடம் போனேன்.

"மாமா, நேத்து உங்ககிட்ட ரத்தம் எடுத்தாங்களா?"

"நேத்து எனக்கு முறையே இல்லையேம்மா. வீட்ல ஃபூல் பயறு தின்னுட்டுத் தூங்கினேன். ஏன், என் ரத்தம் தனியா நடந்து வந்துச்சா?"

நானே ஊசி குத்தி ரத்தம் எடுத்து, கையோடு கொண்டுவந்து சோதித்தேன். நான்கு-ஓ. சுகாதார அமைச்சகத்துக்கு எழுதிவிட்டேன்.

விசாரணையில் மையத்தின் நர்ஸ் உடைந்துபோனாள். இரண்டாவது குழாயில் இருந்தது ஐவரில் ஒருவரின் ரத்தம்; ஷவ்கத் சொல்லித்தான் பெயரை மாற்றி ஒட்டினாளாம். ஷவ்கத்தின் மைத்துனர் பதிவேட்டில் பெயரில்லாமல், சோதனையும் இல்லாமல், அதே இயந்திரங்களில் டயாலிசிஸ் செய்துவந்திருக்கிறார். அவர் ரத்தத்தையும் நான்தான் சோதித்தேன். ஐவரோடும் பொருந்தியது. ஷவ்கத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். எல்லோருக்கும் மாத்திரை தொடங்கியது.

வஹ்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எனக்கு வேற வகைன்னு எழுதிக் கொடும்மா. உம்மு ஹாஷிம்கிட்ட காட்டணும்."

உம்மு ஹாஷிம் ஐவரில் ஒருத்தி; வஹ்பாவோடு பேச்சையே நிறுத்தியவள். நான் முத்திரை குத்திக் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தாள்.

"காகிதத்துல என்ன வேணா எழுதலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.