அவைக்குறிப்பில் அத்தான் பெயர்

சட்டமன்றத்தில் போதைப்பொருள் தடுப்பு மசோதா மீது இரண்டாம் நாள் விவாதம். அவையின் நடுவே இருந்த சுருக்கெழுத்து மேசையில் அவளுடைய முறை பதினொன்று பத்துக்கு வந்தது. பத்து நிமிடம் எழுதினால் அடுத்தவர் வந்து உட்காருவார். பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது.

உறுப்பினர் ஒருவர் செய்தித்தாளைத் தூக்கிக் காட்டினார். "மருந்து வண்டி ஓட்டுறவனே போதை மாத்திரை விக்கிறான். போட்டோவோட வந்திருக்கு. அரசாங்கம் தூங்குதா?" என்றவர், பெயரையும் வாசித்தார்.

அவளுடைய அக்கா கணவரின் பெயர்.

வண்டியில் இருந்தவை மருத்துவமனைக்குப் போக வேண்டிய தூக்க மாத்திரைகள். மருத்துவமனை கொடுத்திருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, கைது செய்த மறுநாளே போலீஸ் அத்தானை அனுப்பிவிட்டது. கைதை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட பத்திரிகை, விட்டதை ஏழாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே இரண்டே வரியில் முடித்துக்கொண்டது.

அவள் கை நிற்கவில்லை. பெயரையும் எழுதினாள்.

முறை முடிந்ததும் நேராக மேற்பார்வையாளரிடம் போனாள். "சார், இதை நான் டைப் பண்றது சரியில்ல. அவர் எங்க அக்கா வீட்டுக்காரர். சொன்னது அத்தனையும் தப்பு."

"எதையாவது மாத்தி எழுதிட்டியாம்மா?"

"இல்ல சார்."

ஒலிப்பதிவோடு ஒத்துப் பார்த்தார். "ஒரு எழுத்து பிசகல. கொடு, நான் அடிக்கிறேன். நாமளா எதையும் எடுக்க முடியாது. ஆனா உங்க அத்தான் சபாநாயகருக்கு எழுதலாம். அதுக்கு வழி இருக்கு."

அன்று மாலை விஷயத்தைச் சொன்னபோது அத்தான் கையை உதறினார். "பத்திரிகைக்காரன்கிட்ட பட்டதே போதும். பெரிய இடத்து வம்பு நமக்கெதுக்கு?"

"எழுதுங்க. இல்லேன்னா நான் எழுதுவேன். என் கையெழுத்தைப் படிக்க அவங்க தனியா ஒரு கமிட்டி போடணும்" என்றாள் அக்கா.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்தார். குற்றம் இல்லையென்று விட்டபோது போலீஸ் கொடுத்த கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினார்.

கடிதம் போன ஒன்பதாம் நாள் அவை கூடியதும் அதே உறுப்பினர் எழுந்தார். "பேப்பர்ல வந்தா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். விசாரிக்காம பேசினது என் தப்பு. அந்தக் குடும்பத்துகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன்." அத்தானின் பெயரைக் குறிப்பிலிருந்து நீக்கச் சபாநாயகர் உத்தரவிட்டார். அவள் அதை அலுவலக ஒலிபெருக்கியில் நின்றபடியே கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் கழுவப் போனாள்.

செய்தியாளர் மாடத்தில் அப்போது பாதி நாற்காலி காலி. மறுநாள் ஒரே ஒரு பத்திரிகையில்தான் அது வந்தது. படம் போட்ட பத்திரிகையில் இல்லை. மசோதா அடுத்த வாரம் நிறைவேறியது. கைதானவர் படத்தைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று அதில் சேர்க்கக் கேட்ட திருத்தம் மட்டும் அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிப் போனது.

அத்தான் மறுபடி வண்டி ஓட்டுகிறார். ஒன்றிரண்டு மருந்துக் கடைகளில் இன்னும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். "ஆமா, அது நான்தான். மன்னிப்புக் கேட்டுட்டாங்க, அதையும் படிங்க" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிடுவார்.