மூன்றாம் வரிசை இருக்கை

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் மூன்றாம் வரிசை இருக்கை போயிருக்காது. முப்பத்தொரு வருடம் நான் உட்கார்ந்த இருக்கை அது. எங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கில் பன்னிரண்டாயிரம் பேர் உட்காரலாம். ஆடுகிறவன் வியர்வை நம் மேல் தெறிக்கிற தூரத்தில் இருப்பது நூறு இருக்கைதான். என் கல்யாணம் பதினாலு வருடத்தில் முடிந்துபோனது, இருக்கை நிலைத்தது.

நான் ட்வைலா கெஸிங்கர். நெப்ராஸ்காவில், அந்த அரங்கத்திலிருந்து நாலு தெரு தள்ளி இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். கத்தி பிடிக்கிற கை, அதற்கேற்ற வாய்.

போன வருடம் எங்கள் அணி இருபத்திரண்டு ஆட்டம் தோற்றது. மார்ச்சில் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வருவது யார் என்பது பரம ரகசியம் என்றார்கள். எங்கள் ஊரில் என்ன ரகசியம்? புது ஆளைக் கூட்டிவர எப்போதும் ஒரு பணக்கார ரசிகரின் குட்டி விமானம்தான் போகும். அதன் வாலில் எழுதியிருக்கும் எண் எங்களுக்கு மனப்பாடம். அது எங்கே இறங்கியது, எப்போது கிளம்பியது என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். வேலைவெட்டி இல்லாதவர்கள் பார்ப்பார்கள். வேலை இருக்கிற நானும் பார்ப்பேன்.

புதன்கிழமை காலை அந்த விமானம் மேற்குக் கான்சாஸில் ப்ரூவெட் என்ற சிற்றூரில் இறங்கியது. ப்ரூவெட்டுக்குப் பக்கத்தில் கிரேடன் வாஸுக்கு ஒரு பண்ணை வீடு இருப்பது ஊருக்கே தெரியும். வாஸ் இரண்டு முறை தேசியக் கோப்பை வென்ற பயிற்சியாளர்; அப்போது அணி எதுவும் இல்லாமல் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் எழுதிப்போட்டேன்: "வாஸ் வருகிறார். மூன்று மணிக்கு எல்லாரும் விமான நிலையத்துக்கு வந்துவிடுங்கள்."

பக்கத்துக் கடையில் முடிவெட்டுகிற வெண்டல் ஓபர்ஹோல்ட் கத்தரிக்கோலோடு வந்து நின்றான். பள்ளிக்கூடத்திலிருந்தே என் உயிரை வாங்குகிறவன்.

"ப்ரூவெட்ல ஒரு ஜூனியர் காலேஜ் இருக்கு, ட்வைலா. அதோட கோச்சு ஆறு தடவை கப்பு வாங்கியிருக்காரு. அவரைக் கூட்டிட்டு வரப் போயிருந்தா?"

பெரிய பல்கலைக்கழகங்கள் வேண்டாமென்று தள்ளிய பையன்கள், ஜூனியர் கல்லூரியில் இரண்டு வருடம் ஆடித் தேறி வெளியே வருவார்கள். அங்கே கோச்சே வேன் ஓட்டுவார், கோச்சே ஜெர்சி துவைப்பார்.

"போடா. பன்னண்டாயிரம் சீட்டு அரங்கத்துக்கு வேன் டிரைவரையா கூட்டிட்டு வருவாங்க? முடி வெட்டுறதோட நிறுத்திக்க."

"வாஸ் இல்லன்னா என்ன பண்ணுவ?"

"இல்லன்னா என் சீட்டு உனக்கு. அடுத்த சீசன் முழுக்க. நான் போய் உன் சீட்டுல உக்காந்துக்கறேன், போதுமா?"

கடையில் ஏழு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வெண்டலின் இருக்கை கூரையை ஒட்டிய கடைசி வரிசை. அங்கிருந்து பார்த்தால் ஆடுகிறவர்கள் கடுகு சிந்தியது போல் தெரிவார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை.

மூன்று மணிக்கு நல்ல தூறல். நானூறு பேர் வந்திருந்தார்கள். பல்கலைக்கழக வாத்தியக் குழுவையும் யாரோ கிளப்பி அழைத்து வந்துவிட்டார்கள். நான் இறைச்சி சுற்றுகிற காகிதத்தைப் பன்னிரண்டடி நீளத்துக்குக் கிழித்து, சிவப்பு மையில் 'வருக வாஸ்' என்று எழுதி, ஒரு முனையை வெண்டல் கையில் கொடுத்திருந்தேன்.

விமானம் வந்து நின்றது. வாத்தியம் முழங்கியது. கதவு திறந்து, விளையாட்டுத் துறைத் தலைவர் முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு நெட்டை மனிதர், அளவு பத்தாத பழுப்புக் கோட்டில் படியில் நின்று எங்களைப் பார்த்தார். வழுக்கைத் தலையில் மழை சொட்டியது.

எக்காளங்கள் ஒவ்வொன்றாய் நின்றன. என் முகத்தில் ஈயாடவில்லை.

"சீட்டு நம்பர் என்ன, ட்வைலா?" என்றான் வெண்டல், மெதுவாக. "பதினாலா, பதினஞ்சா?"

"வாயை மூடு."

அந்த மனிதர் என் காகிதத்தை நிதானமாக வாசித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "என் பேரு ரூஃபஸ் டெனார்ட். ப்ரூவெட் ஜூனியர் காலேஜ்ல இருபத்திரண்டு வருஷம் கோச்சு. நீங்க வாஸுக்காக மழையில வந்திருக்கீங்க. அவரு வர்றாருன்னா நானே வந்து நின்னிருப்பேன்." சிலர் சிரித்தார்கள். "அந்தத் தாள்ல 'வருக'ங்கிறதை மட்டும் கிழிச்சுக் குடுத்தீங்கன்னா போதும். அது எனக்கும் சரியா இருக்கும்."

இப்போது எல்லோருமே சிரித்துவிட்டார்கள். வெண்டல் துரோகி, சர்ரென்று கிழித்து அவரிடம் நீட்டினான். வாத்தியம் மறுபடி தொடங்கியது.

"எங்க ஜிம்முல முந்நூறு சீட்டு. ஆட்டத்துக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு, பேரு கேட்டுட்டுத்தான் நான் பெஞ்சுக்குப் போவேன். பழக்கம் விடமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, வரிசையாக எல்லோருக்கும் கை கொடுக்க ஆரம்பித்தார். நானூறு பேர். துறைத் தலைவர் குடை பிடித்தபடி பின்னாலேயே நடந்தார்.

எங்களிடம் வந்தபோது வெண்டல் தன் பேரைச் சொல்லி, "இவ ட்வைலா. உங்களால இன்னிக்குச் சீட்டைத் தோத்துட்டா. இனி கூரைக்குக் கீழ என்னோட கடைசி வரிசைதான் இவளுக்கு" என்றான்.

டெனார்ட் கையை நீட்டினார். நான் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தேன்.

"என் கை சில்லுன்னு இருக்கு" என்றேன்.

நீட்டிய கை ஒரு நொடி அப்படியே நின்றது. "பரவாயில்லம்மா. சூடானதும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

கோடை முழுக்க அது என்னை அரித்தது. இருக்கை போனதைத் தாங்கிக்கொண்டேன், பந்தயம் பந்தயம்தான். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த மனிதர் மழையில் நீட்டிய கை. அவர் என்னை என்ன செய்தார்? ஊரைக் கூட்டியது நான், தப்பாகச் சொன்னது நான். எலும்பு வெட்டும்போதெல்லாம் அந்தக் கை நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. போய் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வேண்டாத இடத்தில் மட்டும்தான் என் வாய்க்குத் துணிச்சல்.

நவம்பரில் முதல் ஆட்டம். ஒரு கையில் மிளகாய் சூப்பு, மறு கையில் பட்டை மணக்கிற இனிப்பு ரொட்டியான சினமன் ரோல் என்று எழுபத்திரண்டு படி ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கீழே என் இருக்கையில் வெண்டல் காலை நீட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பித் தொப்பியை ஆட்டினான். பாவி.

ஆட்டத்துக்கு அரை மணி இருக்கும்போது பக்கத்துப் படிக்கட்டில் சலசலப்பு. திரும்பினால் டெனார்ட். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, கடைசி வரிசையின் முதல் ஆளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கோச், கீழ இருக்கறவங்களை விட்டுட்டு இங்க வந்திருக்கீங்க?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"பன்னண்டாயிரம் பேரையும் ஒரே நாள்ல முடியாது சார். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பகுதி, மேல இருந்து ஆரம்பிக்கறேன். கீழ இருக்கறவங்களுக்கு என் மூஞ்சி தெரியும். உங்களுக்கு என் வழுக்கைதானே தெரியும்."

ஒவ்வொரு கையாக நெருங்கி வந்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சூப்பைக் கீழே வைத்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பாகை ஜீன்ஸில் தேய்த்தேன்.

என் முன்னால் நின்றார். கையை நீட்டவில்லை.

"ட்வைலா அம்மாதானே? கை சூடாச்சா?"

எட்டு மாதமாக மனசுக்குள் எத்தனையோ பேசி வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்: "அன்னிக்கும் சூடாத்தான் இருந்துச்சு, கோச்."

"தெரியும்மா" என்றார். "அதான் இந்தப் பகுதியில இருந்து ஆரம்பிச்சேன்."

நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்தக் கிழவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுகூட உறைக்கவில்லை.

அன்றைக்கு ஒன்பது புள்ளியில் ஜெயித்தோம். அந்த சீசனில் மொத்தம் பத்தொன்பது வெற்றி. ஆட்டக்காரர்கள் ஆடைமாற்றும் அறைக் கதவில் என் இறைச்சிக் காகிதம் ஒட்டியிருக்கிறதாம், சிவப்பு மையில் 'வருக'. டெனார்டின் கைகுலுக்கல் பதினாறு ஆட்டத்தில் அரங்கத்தின் பாதியைத்தான் எட்டியது. மூன்றாம் வரிசைப் பக்கமே போகவில்லை.

சொந்த ஊரில் கடைசி ஆட்டம் முடிந்ததும் வெண்டல் எழுபத்திரண்டு படியும் ஏறி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"பந்தயம் முடிஞ்சுது. உன் சீட்டை நீயே வாங்கிக்க."

"வேண்டாம்."

"பைத்தியமா உனக்கு? முப்பத்தொரு வருஷ சீட்டு."

"அடுத்த சீசனும் மேல இருந்துதான் ஆரம்பிக்கிறாராம். கேட்டுட்டேன்."

அவன் கீழே மூன்றாம் வரிசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, "பக்கத்து சீட்டு காலியா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து, என் சினமன் ரோலில் பாதியைப் பிய்த்துக்கொண்டான்.