வெளுத்த கல்

நாத்தனார் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் விட்டுப்போனபோது கத்திரிப்பூ நிறத்தில் இருந்த கல், இப்போது அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்திருந்தது. "இது என்னோடது இல்ல," என்றாள். தம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற அவன் மனைவியைப் பார்க்கவில்லை.

மகளோடு வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். போகும்போது, "பீரோவுல வச்சா மறந்துடுவீங்க, கண்ணுல படுற மாதிரி இருக்கட்டும்" என்று அவளே ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில் மாட்டிவிட்டுப் போன பதக்கம். வீட்டிலேயே துணி தைத்துக்கொடுக்கும் தம்பி மனைவி அதைத் தூசி துடைத்ததோடு சரி, ஒரு விசேஷத்துக்குக்கூடக் கழுத்தில் போட்டதில்லை.

"யாரையும் சொல்லல. நல்ல கல்ல எடுத்துட்டுக் கண்ணாடிய வச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

அந்த வீட்டில் இருப்பதே அவளும் புருஷனும்தான். யாரையும் சொல்லவில்லையாம். தையல்காரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தது அதைவிடப் பொறுக்கவில்லை. பிறகு அவன் மெதுவாக, "எங்கயாவது பாலிஷ் போடக் குடுத்தியா?" என்று கேட்டான்.

மறுநாள் பாதி தைத்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டு, இருவரையும் ரத்தினக்கல் பரிசோதிக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பரிசோதிக்கும் பெண் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "கண்ணாடி இல்லம்மா. கண்ணாடின்னா உள்ள குமிழ் குமிழா இருக்கும். சாயம் ஏத்தினதும் இல்ல, ஏத்தியிருந்தா விரிசல்ல தேங்கியிருக்கும். அசல் செவ்வந்திக்கல்தான், குவார்ட்ஸ் வகை. இதுல சில கல்லு வெயில்லயே இருந்தா நெறம் போயிடும். ஓரத்துல இறகு மாதிரி ஒரு கீறல் தெரியுது பாருங்க."

நாத்தனார் குனிந்தாள். நிமிர நேரமாயிற்று.

"வாங்கும்போது கடையில இதக் காட்டினாங்க. இந்தக் கீறலச் சொல்லித்தான் வெலையக் கொறச்சேன்." பிறகு சிரித்தாள். "நல்லதாப் போச்சு, என் கல்லேதான். வாங்க, காபி குடிக்கலாம்."

"கல்லு அசல்னு ஆயிடுச்சு அண்ணி. நான்?"

"உன் பேரையா சொன்னேன்?" நாத்தனார் பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, டாக்ஸி பிடித்துத் தனியாகவே போய்விட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் புருஷன், "அதான் தெரிஞ்சு போச்சே, விடு" என்றான்.

"எனக்கு நேத்தே தெரியும். உங்களுக்குத்தான் லென்ஸ் வேண்டியிருந்துச்சு."

பஸ்ஸில் கூட்டமில்லை. அவன் ஓர் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கையை ஊன்றி அவளைப் பார்த்தான். அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். யார் யாரோ ஏறினார்கள். ஒவ்வொருவரிடமும் அவன், "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.